எட்டாவது ஆள்

களஞ்சிய நடனம் என்று அறிவிப்பில் போட்டாயிற்று.
ஈசூனில் களஞ்சியத்துக்கு எங்கே போவது?
அரிசி இங்கே ஐந்து கிலோ பையில்தான் விளைகிறது.
சமூக மன்றத்தில் கேட்டுக் கேட்டுக்
கடைசியில் கிடைத்தது
பலமாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டைத் தளம்,
சனிக்கிழமை ஏழிலிருந்து பத்து வரை.
ஒலிபெருக்கி கூடாது.

எங்களுக்கு எதற்கு அது?
ஜெசிந்தா ஓங் பிடிலை எடுத்தால்
அடுத்த புளோக்கில் துணி காயப்போடுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.
ஜுரைமியின் பாஞ்சோத் தோல்
மழையை ஒரு மணி நேரம் முன்பே மோப்பம் பிடிக்கும்.
சுருதி இறங்கிப் பழைய தகரமாய்க் கமறும்.
ஹேர் டிரையரால் அதற்குச் சூடு காட்டுவான்.
வென்டல் மட்டும்தான்
இந்த மெட்டுகள் பிறந்த மலைப்பக்கத்து ஆள்.
கப்பல் பட்டறையில் மேற்பார்வை.
"எங்கள் ஊரில் இதைவிட மோசமாக வாசிப்பார்கள்" என்பான்.
பாராட்டா, இன்னும் தெரியவில்லை.

நான் பேஸ்.
ஆளுயரப் பெட்டி, நான்கு கம்பி.
பகலில் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
கூண்டு ஏறும்போது மறுபக்கம் இறங்கும் எதிரெடையை
யாரும் பார்ப்பதில்லை.
இந்த வாத்தியம் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கார் நிறுத்தும் வெள்ளைக் கோடுகளே எங்கள் சதுரம்.
பக்கத்துக்கு ஒரு சோடி, மொத்தம் எட்டுப் பேர்.
அன்று ஏழு.
வேதரத்தினம் சாரின் சோடி வரவில்லை,
கைப்பேசியில் ஒரு குடைப் படம் மட்டும் வந்தது.
முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு
நூற்று இருபத்தொன்றாம் எண் கட்டத்தில் சார்,
நிறுத்திவிட்டு மறந்துபோன வண்டி மாதிரி.

ஆட்டம் சொல்பவள் பொன்னெழில்.
பேருந்து முனையத்தில் கூட்டத்தை நகர்த்திப் பழகிய குரல்.
அவள் எண்ணிப் பார்த்து உதட்டைப் பிதுக்கும்போது
மின்தூக்கிக் கதவு திறந்தது.
பச்சைச் சட்டை, தலைக்கவசம், முதுகில் சதுரப் பை.
"இது முந்நூற்று நாற்பத்தேழா?"
"அது அடுத்தது. நீங்கள் எட்டு."

என் பெட்டியோரம் பையை இறக்கினாள் அந்தப் பெண்.
உள்ளிருந்து மீ கோரெங் வாசம்.
தலைக்கவசம் கழற்றுவதற்குள்
ஜெசிந்தா வில்லை இழுத்துவிட்டாள்.

"எதிராளியை முதுகோடு முதுகு சுற்றி வா!
கிரி கை, கனான் கை,
கையை மாற்று, கையை மாற்று,
சங்கிலி அறுக்காமல் வீட்டுக்குப் போ!"
வீடு என்றால் புறப்பட்ட கட்டம்.

ஹனிஸாவுக்கு (பெயர் பிறகு தெரிந்தது)
ஒன்றும் தெரியாது.
ஒவ்வொரு கையும் அவளை அடுத்த கையிடம் ஒப்படைத்தது,
ஈரம் படாமல் சேர்க்கவேண்டிய பொட்டலம் போல.
முதல் சுற்றில் இரண்டு பேரை இடித்தாள்.
இரண்டாவதில் சிரித்தாள்.
மூன்றாவதில் அவள் கைப்பேசி பைக்குள்ளிருந்து கத்தத் தொடங்கியது,
எங்கள் சுருதிக்கு அரைக்கட்டை மேலே.

இந்த மெட்டுகளுக்கு முடிவு கிடையாது.
தொடங்கிய இடத்துக்கே வரும், மறுபடி கிளம்பும்,
குடியிருப்புச் சுற்றும் பேருந்து.
பிடில்காரி காலைத் தூக்கினால்தான் கடைசிச் சுற்று.
நாங்கள் மூவரும் ஜெசிந்தாவின் செருப்பைப் பார்த்தோம்.
அது தரையிலேயே இருந்தது.
ஹனிஸா எதிர்மூலையில்,
சாரிடமிருந்து ஆறு கை தள்ளி.
வழியில் விட்டுவிட முடியுமா?

இரண்டு துளி.
ஜுரைமி பாஞ்சோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.
கைப்பேசி அடங்கி, மறுபடி கத்தியது.
நான்கு கை. இரண்டு.
சார் எப்போது பொத்தானைக் கழற்றினார்?
சட்டைக்கை காற்றில் படபடக்க
அவளை வாங்கிக்கொண்டார்.

கால் உயர்ந்தது.

பிறகு மழை, முழு மழை.
பிடிலைப் பனியனுக்குள் ஒளித்து ஓடுகிறவர்கள் நடுவே
"பதினாறு நிமிடம் தாமதம்" என்று பையைத் தூக்கினாள்.
"எத்தனையாவது மாடி?"
"பன்னிரண்டு."
பேஸை வென்டலிடம் சாய்த்துவிட்டு நானும் ஓடினேன்.
அந்த மின்தூக்கி என் பொறுப்பு.
இடையில் நிற்காமல் ஏற ஒரு சாவி உண்டு,
இதற்கெல்லாம் எடுக்கக் கூடாத சாவி.

கூண்டு ஏறியது.
சொட்டச் சொட்ட நின்றவளின் குதிகால் மட்டும்
இன்னும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவர் கேட்டார்,
"இவ்வளவு நேரமா?"

"வழியில்
ஓர் ஆள் குறைந்தது."